சிறு நிறுவனத்தில் வேலை: பணியாளர்களுக்குப் பிடித்தவையும் பிடிக்காதவையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு நிறுவனம் என்று இங்கே எதைக் குறிப்பிடுகிறீர்கள்?

அரசின் அளவுகோல் முதலீட்டையும் விற்றுமுதலையும் பார்க்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வரையறைப்படி, இயந்திரங்களில் 2.5 கோடி ரூபாய்க்குள் முதலீடும் ஆண்டுக்கு 10 கோடிக்குள் விற்றுமுதலும் இருந்தால் அது குறு நிறுவனம். 25 கோடி, 100 கோடி என்ற எல்லைக்குள் இருந்தால் சிறு நிறுவனம். வேலை செய்பவருக்கு இந்தக் கணக்கால் பயன் அதிகம் இல்லை. மதியச் சாப்பாட்டின் போது எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார முடிகிறதா என்பதே அவருடைய அளவுகோல்.

இந்தப் பக்கம் கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி வட்டாரங்களில் பம்பு உதிரிபாகங்களையும் கிரைண்டர் பாகங்களையும் செய்து கொடுக்கும், பத்திலிருந்து நாற்பது பேர் வரை வேலை செய்யும் கம்பெனிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அப்படிப்பட்ட இரண்டு கம்பெனிகளில் பல ஆண்டுகள் கணக்கும் சம்பளப் பட்டியலும் பார்த்தவன் என்ற முறையில், பணியாளர்கள் என் மேசைக்கு வந்து கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அங்கே வேலை செய்பவர்கள் முதலில் சொல்லும் நல்ல விஷயம் எது?

தொழில் கற்றுக்கொள்ள முடிகிறது என்பதைத்தான் சொல்வார்கள். பெரிய தொழிற்சாலையில் ஓர் இளைஞர் மூன்று ஆண்டுகள் ஒரே சி.என்.சி. இயந்திரத்தில் ஒரே பாகத்தை மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்கக்கூடும். சிறிய கம்பெனியிலோ, லேத்தில் உதவியாளராகச் சேர்ந்த பையன் ஆறாவது மாதத்தில் டிராயிங் பார்க்கிறான், ஓராண்டு கழித்து செட்டிங் போடுகிறான், குவாலிட்டி பார்ப்பவர் விடுப்பில் போன அன்று வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் எடுத்துக்கொண்டு முதல் பீஸை அளந்து கையெழுத்துப் போடுகிறான், வண்டி ஓட்டத் தெரிந்தவன் என்றால் வாடிக்கையாளரிடம் சரக்கைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு அங்கே எந்தப் பாகத்தை எதற்காகத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டு வருகிறான். எனக்குத் தெரிந்த ஒருவர் ஐ.டி.ஐ. முடித்துச் சேர்ந்து எட்டே ஆண்டுகளில் கொட்டேஷன் போடுகிற அளவுக்கு வந்துவிட்டார். ஒரு பாகத்துக்கு எத்தனை நிமிடம், எத்தனை கிராம் கழிவு, டூல் எத்தனை பீஸுக்குத் தாங்கும் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருந்தன. கோவையில் இன்று பட்டறை வைத்திருக்கும் முதலாளிகளில் பலர் இந்த வழியாக வந்தவர்களே.

ஆனால் இந்தக் கற்றலுக்குப் பாடத்திட்டம் கிடையாது. ஆள் இல்லாத நாளில்தான் அடுத்த வேலையைக் கற்றுக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கிறது. "எல்லா வேலையும் நானே பார்க்கிறேன், சம்பளம் மட்டும் ஒரு வேலைக்குத்தான்" என்று அதே பையன் மூன்றாம் ஆண்டில் சொல்லும்போது அதிலும் நியாயம் இருக்கிறது.

முதலாளி எப்போதும் பக்கத்திலேயே இருப்பது நல்லதா, தொல்லையா?

இரண்டும்தான். பணியாளர்களுக்குப் பிடித்தவை, பிடிக்காதவை என்று எழுதத் தொடங்கினால் பெரும்பாலானவை இந்த ஒரு புள்ளிக்கே வந்து சேரும். சிறிய கம்பெனியில் எல்லா முடிவும் ஒரே மனிதரிடம் இருக்கிறது. அவர் இருபது அடி தள்ளி நிற்கிறார். அவர் எடுத்த முடிவு எதிலும் எழுதப்படுவதில்லை.

அதனால் கிடைக்கும் நன்மை சிறியதல்ல. ஒரு சனிக்கிழமை மாலை நடந்தது நினைவிருக்கிறது. வாரச் சம்பளக் கவர்களை அடுக்கிப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். டிரில்லிங் மெஷினில் நிற்கும் அண்ணன் ஒருவர் கவரை வாங்கிய பிறகும் நகராமல் நின்றார். முதலாளி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்னங்க, புள்ளைக்கு ஃபீஸ் கட்டோணுமா?" என்று கேட்டார். அவர் தலையாட்டினார். மேசை இழுப்பறையிலிருந்து பதினைந்தாயிரம் ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டு, "வாரம் ஐந்நூறு புடிச்சுக்கோ" என்று என்னிடம் சொன்னார். விண்ணப்பம் இல்லை, வட்டி இல்லை, மனிதவளத் துறையின் ஒப்புதல் இல்லை. ஒரு நிமிடத்தில் முடிந்தது. பெரிய நிறுவனத்திலிருந்து இங்கே வந்தவர்கள் வியந்து சொல்வது இதைத்தான்.

அதே மேசையில், அதே மனிதர், இன்னொரு சனிக்கிழமை, வேறொருவர் அட்வான்ஸ் கேட்டபோது, அந்த வாரம் ஒரு லோடு திரும்பி வந்த கோபத்தில், எல்லோர் முன்னிலையிலும் கேட்கக்கூடாத வார்த்தைகளில் பேசினார். முதலாமவருக்குக் கிடைத்தது உரிமையாக இருந்திருந்தால் இரண்டாமவருக்கும் கிடைத்திருக்கும். அது தயவாக இருந்ததால் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. மேல்முறையீடு செய்ய அவருக்கு மேல் யாரும் இல்லை என்பதைப் பணியாளர்கள் சேர்ந்த முதல் மாதத்திலேயே புரிந்துகொள்கிறார்கள்.

சம்பளம் ஏன் குறித்த தேதியில் வருவதில்லை?

பல நேரங்களில் முதலாளியின் கையிலேயே பணம் இருப்பதில்லை. ஜாப் ஒர்க் செய்யும் கம்பெனி, பெரிய கம்பெனிக்குப் பாகங்களைக் கொடுத்துவிட்டுப் பில் பணத்துக்காகக் காத்திருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய பொருளுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. தாமதித்தால் கூட்டு வட்டியும் உண்டு. ஆனால் அடுத்த ஆர்டர் கைவிட்டுப் போகுமே என்ற அச்சத்தில் பெரும்பாலான சிறு முதலாளிகள் வட்டி கேட்டு எழுதுவதே இல்லை. அந்தத் தயக்கத்தின் சுமை கடைசியில் பணியாளரின் வீட்டு வாடகை மீது வந்து விழுகிறது.

இருந்தாலும், வாடிக்கையாளர் பணம் தரவில்லை என்பது சட்டத்தின் முன் ஒரு காரணமாகாது. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். என் அனுபவத்தில், தாமதத்தைவிடப் பணியாளர்களை அதிகம் காயப்படுத்துவது மௌனம்தான். "பதினைந்தாம் தேதி கிடைக்கும், இப்போது பாதி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று முன்கூட்டியே சொன்ன முதலாளியை யாரும் திட்டி நான் கேட்டதில்லை. தேதி நெருங்க நெருங்க அலுவலகப் பக்கமே வராமல், பின்வாசல் வழியாக மெஷின் ஷாப்புக்குப் போய்விடுகிறவரைப் பற்றித்தான் டீக்கடையில் பேச்சு எழும்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. போன்றவை சிறு நிறுவனத்தில் கிடைக்குமா?

இது ஆள் கணக்கைப் பொறுத்தது. 10 பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, 20 பேர் வேலை செய்தால் வருங்கால வைப்பு நிதி என்பது நெடுநாள் விதி. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகும் இந்த இரண்டு எண்களும் மாறவில்லை. இ.எஸ்.ஐ.க்கு மாத ஊதிய உச்சவரம்பு 21,000 ரூபாய். பணியாளர் பங்கு 0.75 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு. 20,000 ரூபாய் வாங்குபவரிடம் பிடிக்கப்படுவது 150 ரூபாய், நிறுவனம் சேர்ப்பது 650 ரூபாய். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை வரிசையைப் பற்றிக் குறை சொல்லாதவர் இல்லை. ஆனாலும் பிரஸ் மெஷினில் விரல் போன ஒருவரின் வீட்டில் அந்த அட்டையின் மதிப்பு எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கும் அது பணம் தருகிறது.

வைப்பு நிதியில் இரு தரப்பும் 12 விழுக்காடு செலுத்த வேண்டும். அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் ஆளுக்கு 1,800 ரூபாய். நிறுவனத்தின் 1,800இல் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும்: பி.எஃப். வேண்டாம், கையிலேயே கொடுத்துவிடுங்கள் என்று கேட்கும் பணியாளர்களும் நிறையப் பேர் உண்டு. முப்பது வயதில் அந்த 1,800 ரூபாய் பெரிதாகத் தெரியும். ஐம்பது வயதில் பாஸ்புக் இல்லாதபோதுதான் அது சிறியதாகத் தெரியும்.

இருபதாவது ஆளைச் சேர்க்கும் நேரத்தில் சில கம்பெனிகளின் வாசலில் இரண்டாவது பெயர்ப் பலகை முளைப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒன்று அண்ணன் பெயரில், மற்றொன்று தம்பி மனைவி பெயரில் இருக்கும். ஒரே கேட், ஒரே கரண்ட் மீட்டர், ஒரே டீ கேன். இப்படிப் பெயரளவில் பிரித்தால் எண்ணிக்கை குறைந்துவிடாது. ஒரே நிறுவனத்தின் பிரிவுகளையும் கிளைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது வைப்பு நிதிச் சட்டத்திலேயே இருக்கிறது.

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் பதினான்கு மாதங்கள் என் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்கள், கட்டவில்லை. கணக்கு எழுதியவன் நான்தான். பிடித்தம் என்ற கட்டத்தில் என் கையாலேயே எண்ணைப் போட்டேன், செலான் வேறொருவர் பொறுப்பு என்பதால் கேட்காமல் இருந்தேன். பிடித்ததைக் கட்டாமல் வைத்துக்கொள்வது வெறும் பாக்கி அல்ல, நம்பிக்கை மோசடிக் குற்றம். அன்றிலிருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள் என்று புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன்.

தீபாவளி போனஸ் முதலாளி விரும்பினால் கொடுப்பதா, கட்டாயமா?

20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் கட்டாயம். ஆண்டில் 30 நாட்களாவது வேலை செய்து, மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்குபவருக்குக் குறைந்தது 8.33 விழுக்காடு, உச்சம் 20 விழுக்காடு. அந்த விழுக்காட்டை மாதம் 7,000 ரூபாய் அல்லது குறைந்தபட்சக் கூலி, இவற்றில் எது அதிகமோ அதன் மீது கணக்கிட வேண்டும். அந்த எல்லைக்குக் கீழே உள்ள பட்டறைகளில் அது வழக்கம்தான், ஆனால் கோவையில் அந்த வழக்கத்தை மீறும் முதலாளிக்கு ஐப்பசி முடிவதற்குள் நல்ல டர்னர் ஒருவரும் மிஞ்ச மாட்டார்.

ஆயுத பூஜை அன்று கிடைக்கும் பொரி, சுண்டல், வேட்டி சட்டை, மெஷினுக்குப் பொட்டு வைத்து எடுக்கும் குழுப் புகைப்படம் ஆகியவை போனஸ் கணக்கில் வராதவை. பிடித்தவை என்ற வரிசையில் அவற்றைச் சேர்க்காத பணியாளரை நான் பார்த்ததில்லை.

விடுப்பு எடுப்பது எளிதா?

அவசர விடுப்பு மிக எளிது, திட்டமிட்ட விடுப்பு மிகக் கடினம். காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் "அம்மாவுக்கு முடியலைங்க" என்றால் "பாத்துட்டு வா" என்பதோடு முடிந்துவிடும். அதே ஆள், அடுத்த மாதம் நான்கு நாள் குடும்பத்தோடு வெளியூர் போக வேண்டும் என்று இப்போதே சொன்னால், "அப்போ பாத்துக்கலாம்" என்ற பதில்தான் வரும், அந்த "அப்போ" வரவே வராது. அவர் ஓட்டும் இயந்திரத்தை ஓட்ட இன்னோர் ஆள் இல்லை என்பதே காரணம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஒன்பது தேசிய, பண்டிகை விடுமுறை நாட்களை ஊதியத்துடன் தர வேண்டும் என்று 1958ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் சொல்வதால் அவற்றில் தகராறு குறைவு.

ஓ.டி. பார்த்தால் இரட்டிப்புச் சம்பளம் தருவார்களா?

தர வேண்டும். பழைய தொழிற்சாலைச் சட்டத்திலும் புதிய தொகுப்பிலும் மிகைநேரத்துக்கு இரு மடங்கு ஊதியம் என்றே இருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலான பட்டறைகளில் ஒற்றைக் கூலியும் இரவு பரோட்டாவும்தான். இதைப் பணியாளர்கள் எதிர்க்காமல் இருப்பதற்குக் காரணம் அறியாமை மட்டும் அல்ல, ஓ.டி. இல்லாத மாதத்தில் அடிப்படைச் சம்பளம் போதாது என்பதால், ஓ.டி. கொடுப்பதையே ஒரு சலுகையாக நினைக்கப் பழகிவிட்டார்கள்.

முதலாளியின் உறவினர்கள் மேற்பார்வையாளராக இருந்தால் முன்னேற முடியுமா?

ஓர் எல்லை வரை முடியும். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதைச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் கண்டுகொள்வது நல்லது. மைத்துனர் பர்ச்சேஸ், மருமகன் டெஸ்பாட்ச், படிப்பு முடித்து வந்த மகன் 'டைரக்டர்' என்று அமைந்த கம்பெனியில் நீங்கள் எவ்வளவு திறமையாக இருந்தாலும் கணக்கைத் திறந்து காட்ட மாட்டார்கள். மகன் வந்த முதல் ஆண்டுதான் மிகச் சங்கடமானது: அப்பா பெயர் சொல்லி அழைத்த ஐம்பது வயது ஃபோர்மேனை அவனும் பெயர் சொல்லி அழைத்தால், அன்றைக்கே அவர் மனத்தால் வேலையை விட்டுவிடுகிறார், உடம்பு மட்டும் இன்னும் ஓராண்டு வந்து போகும். "அண்ணா" என்று அழைக்கத் தெரிந்த மகன்கள் இருக்கும் கம்பெனிகளில் ஆட்கள் இருபது ஆண்டுகள் நிற்கிறார்கள்.

பெண் பணியாளர்களின் அனுபவம் வேறுபடுகிறதா?

வேறுபடுகிறது. வீட்டுக்கு அருகில் வேலை, பள்ளிவிடும் நேரத்தில் அரை மணி நேரம் போய்வர அனுமதி, முதலாளியின் மனைவியே அலுவலகத்தில் இருப்பதால் வீட்டில் தயக்கம் இல்லாமல் அனுப்புவது ஆகியவை அவர்கள் சொல்லும் நன்மைகள். தீமைகளில் முதலாவது கழிப்பறை. பதினைந்து ஆண்களும் இரண்டு பெண்களும் வேலை செய்யும் இடத்தில் தாழ்ப்பாள் சரியாக விழும் ஒரு தனிக் கழிப்பறைக்காக அந்த இரண்டு பேர் எத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 26 வார மகப்பேறு விடுப்பு உண்டு, இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்தவருக்கு அந்தத் தொகை அங்கிருந்தே வரும் என்பதால் முதலாளி தயங்கக் காரணம் இல்லை. பாலியல் தொல்லை குறித்த 2013ஆம் ஆண்டின் சட்டப்படி 10 பேர் இருக்கும் இடத்தில் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தாலும், அல்லது புகாரே முதலாளி மீது என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். இந்த இரண்டாவது வழி பலருக்குத் தெரியவே இல்லை.

பெயர் தெரியாத கம்பெனி அனுபவத்துக்கு மதிப்பு உண்டா?

வேலை தேடும்போது உண்டு, வரன் தேடும்போது குறைவு. பெரிய கம்பெனிகளின் மெயின்டனன்ஸ், புரொடக்ஷன் பிரிவுகளில் நேர்காணல் செய்பவர்கள், நின்றுபோன இயந்திரத்தை யாரையும் அழைக்காமல் ஓட்டிக் காட்டியவரை விரும்புகிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் "எந்தக் கம்பெனிங்க தம்பி?" என்ற கேள்விக்குப் பெயரைச் சொன்னதும் ஏற்படும் அமைதியைப் பற்றி எங்கள் செட்டர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார், சிரிப்பு முழுச் சிரிப்பாக இருக்காது. வங்கியிலும் இதே சிக்கல். சம்பளம் ரொக்கமாகக் கையில் வந்தால் சம்பளச் சீட்டும் வங்கிப் பதிவும் இல்லாமல் வீட்டுக் கடன் கிடைப்பது அரிது. எனவே கொஞ்சம் கூடுதலாகக் கேட்பதற்கு முன்பு, தருவதை வங்கியில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

சேரும் முன் என்ன கேட்க வேண்டும்?

முதலாளியிடம் நியமனக் கடிதம் கேளுங்கள். புதிய சட்டத் தொகுப்பு அதைக் கட்டாயமாக்கியிருப்பதால் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. தர மறுத்தால், பேசிய சம்பளம், வேலை நேரம், பிடித்தம், சம்பளத் தேதி ஆகியவற்றை அன்று மாலையே வாட்ஸ்அப்பில் "இன்று பேசியபடி" என்று தொடங்கி அவருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் கட்டை விரலை உயர்த்திப் பதில் அனுப்பினாலும் ஓர் எழுத்துப் பதிவு இருக்கும். அசல் சான்றிதழ்களை எந்தக் காரணத்துக்காகவும் ஒப்படைக்காதீர்கள். நகல் போதும்.

முதலாளியிடம் கேட்க முடியாதவற்றைக் கம்பெனி எதிரில் உள்ள டீக்கடையில் கேட்கலாம். சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, ஐந்து ஆண்டுக்கு மேல் நிற்பவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு கேள்விகள் போதும்.

விலகும்போது பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்குமா? நோட்டீஸ் கொடுத்ததிலிருந்து முதலாளி பேசுவதே இல்லையே?

பேசாமல் இருப்பார், பல இடங்களில் முதல் பத்து நாட்கள் அப்படித்தான். பெரிய நிறுவனத்தில் பதவி விலகல் ஒரு படிவம்; இங்கே அதைத் துரோகமாக எடுத்துக்கொள்கிறார்கள், பிறகு மெல்ல இறங்கி வருகிறார்கள். அந்தப் பத்து நாட்களில் வாக்குவாதம் செய்யாமல், உங்கள் டூல் செட்டிங் குறிப்புகளை அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

10 பேர் வேலை செய்த நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் முடித்திருந்தால் பணிக்கொடை உங்கள் உரிமை. ஆள் எண்ணிக்கை பின்னர் குறைந்திருந்தாலும் அது மாறாது. குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்குப் புதிய தொகுப்பில் ஓராண்டே போதும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அது முழு ஆண்டாகும். 18,000 ரூபாய் வாங்கி ஏழு ஆண்டுகள் இருந்தவருக்கு ஏறத்தாழ 72,690 ரூபாய். மீதமுள்ள சம்பளத்தை விலகிய இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்று இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அட்வான்ஸ் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்ட கணக்கைக் கையெழுத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

அனுபவச் சான்றிதழைக் கம்பெனி லெட்டர்பேடில், நீங்கள் பார்த்த எல்லா வேலைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோனால் பெரும்பாலும் கையெழுத்துக் கிடைத்துவிடும். பி.எஃப். கணக்கில் விலகிய தேதியை நிறுவனம்தான் பதிய வேண்டும். பதியாமல் விட்டால், கடைசிச் சந்தா செலுத்தப்பட்டு இரண்டு மாதங்கள் ஆன பிறகு உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்ணான யு.ஏ.என்.னைக் கொண்டு இணையக் கணக்கில் நுழைந்து நீங்களே பதிந்துகொள்ளலாம்.